வெள்ளமும் தீர்ப்பும்: நோவாவின் பேழை முதல் முடிச்சூர் வரை

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றப்பெற்ற பொழிவின் எழுத்து வடிவம்)



2015ஆம் ஆண்டு திசம்பர் முதல் நாள் பெய்யத் தொடங்கிய மழை, மறுநாள் காலைக்குள் தாம்பரத்தில் ஏறத்தாழ 49 செ.மீ. அளவினதாகப் பதிவாயிற்று. முடிச்சூரும் வரதராசபுரமும் மேற்குத் தாம்பரத்தின் தாழ்ந்த தெருக்களும் நீரில் மூழ்கின. அடையாறு தன் கரைகளைக் கடந்தது. வானூர்தி நிலையம் பல நாள் மூடிக் கிடந்தது. வீடிழந்தோரும் உற்றாரை இழந்தோரும் அந்நாளில் எழுப்பிய வினா ஒன்றுண்டு: 'நாங்கள் என்ன பாவம் செய்தோம்?' இவ்வினா தமிழில் வெறும் வழக்குத் தொடர் அன்று. அதன் உள்ளே ஒரு சமயக் கோட்பாடே அடங்கியிருக்கிறது. துன்பம் வந்ததென்றால் அதற்கு முன்னே குற்றம் இருந்திருக்க வேண்டும் என்பது அக்கோட்பாடு. கிறித்தவ மறையில் இக்கோட்பாட்டிற்குச் சான்றாகப் பெரிதும் எடுத்துக்காட்டப்பெறுவது நோவாவின் காலத்து வெள்ளம். அவ்வெள்ளக் கதை உண்மையில் என்ன சொல்கிறது, அதனைக் கொண்டு அழுதுகொண்டிருப்பவரைக் குற்றவாளி ஆக்கலாமா என்பவற்றை ஆராய்வதே இப்பொழிவின் நோக்கம்.

கொடுமையும் வருத்தமும்

விவிலியத்தின் முதல் நூலை ஆதியாகமம் என்பர் சீர்திருத்தச் சபையார். தொடக்க நூல் என்பர் கத்தோலிக்கர். அந்நூலின் ஆறு முதல் ஒன்பது வரையுள்ள இயல்களில் வெள்ளக் கதை அமைந்துள்ளது. முந்நூறு முழ நீளமும் ஐம்பது முழ அகலமும் முப்பது முழ உயரமும் கொண்ட பேழை, நாற்பது நாள் மழை, நூற்றைம்பது நாள் பெருகி நின்ற நீர், ஒலிவ இலையுடன் திரும்பிய புறா ஆகியவற்றை அறியாதார் இலர். ஆயின், வெள்ளத்திற்குக் கூறப்படும் காரணத்தைக் கூர்ந்து நோக்குவார் சிலரே.

மெசொப்பொத்தேமியாவில் இதைவிட மூத்த வெள்ளக் கதைகள் வழங்கின. 1872ஆம் ஆண்டு திசம்பரில் சார்ச்சு சுமித்து என்னும் அறிஞர், கில்கமேசுக் காப்பியத்தின் களிமண் பலகையில் தாம் கண்ட வெள்ளப் பகுதியை இலண்டன் அவையொன்றில் படித்துக் காட்டியபோது கற்றோர் உலகம் வியப்பில் ஆழ்ந்தது. அம்மரபைச் சேர்ந்த அத்திரகாசிசு என்னும் காப்பியத்தில், மனிதர் பெருகி எழுப்பிய இரைச்சல் தெய்வத்தின் உறக்கத்தைக் கெடுத்ததே அழிவிற்குக் காரணம். ஆதியாகமம் இக்காரணத்தை அறவே மாற்றுகிறது. பூமி கொடுமையால் நிறைந்தது என்பதே அது கூறும் காரணம். எபிரேயத்தில் 'காமாசு' என வழங்கும் அச்சொல், வலியோர் எளியோர்மேல் இழைக்கும் வன்செயலைக் குறிக்கும். அதனைக் 'கொடுமை' எனப் பெயர்த்த பழைய மொழிபெயர்ப்பாளர் நுட்பமானவர். கொடுமை என்னும் அச்சொல்லின் அடியிலேயே கொடுங்கோன்மை என்னும் சொல்லும் பிறந்திருப்பது தமிழ் கற்றார்க்குச் சொல்லாமலே விளங்கும்.

இரண்டாவதாக, அழிக்கும் முன் இறைவன் தன் உள்ளத்தில் வருந்தினான் என்று அந்நூல் கூறுகிறது. சினந்தான் என்று அவ்விடத்தில் கூறவில்லை. தீர்ப்பு வழங்குபவனே புண்பட்டவனாய் நிற்கிறான்.

மூன்றாவது, கதையின் உயிர்நிலை. மனித உள்ளத்தின் நினைவெல்லாம் தீயதே என்பது வெள்ளத்திற்கு முன் அழிவிற்கு உரிய காரணமாகக் காட்டப்பெறுகிறது. வெள்ளம் வடிந்தபின் நோவா வேள்வி செய்தபோது, மனித உள்ளத்தின் நினைவு இளமை தொட்டே தீயது என்னும் அதே கருத்து மீண்டும் வருகிறது. ஆனால், இம்முறை அது இனி அழிப்பதில்லை என்னும் உறுதிமொழிக்குக் காரணமாக வருகிறது. வெள்ளத்தால் மனிதன் திருந்தவில்லை. இறைவனின் அணுகுமுறையே மாறியது. அழிவு மனிதனைத் திருத்தாது என்பதை வெள்ளக் கதையே ஒப்புக்கொள்கிறது எனலாம்.

அவ்வுறுதிமொழிக்கு அடையாளம் வானவில். எபிரேயச் சொல்லும் போர்வில்லையே குறிக்கும். பிற மொழியார்க்கு உரை கூறி விளக்க வேண்டிய இக்கருத்து, தமிழர்க்குச் சொல்லிலேயே கிடைத்துவிடுகிறது. போர் முடித்த வீரன் வில்லைச் சுவரில் மாட்டுவதுபோல், இறைவன் தன் வில்லை முகிலில் மாட்டிவிட்டான் என்பது அதன் பொருள். இதனை ஏற்பவர், பின்வந்த ஒவ்வொரு வெள்ளத்தையும் நோவாவின் வெள்ளத்தோடு ஒப்பிட்டு நியாயத்தீர்ப்பு என அறைவது, அந்நூலின் முடிவுரையைப் படியாது முன்னுரையோடு நிறுத்திக்கொள்வதாகும்.

சொற்கள் காட்டும் வழி

தமிழ் விவிலியச் சொற்களும் ஈண்டு எண்ணத்தக்கன. பழைய மொழிபெயர்ப்பு வெள்ளத்தை 'சலப்பிரளயம்' என்றது. பிரளயம் என்பது ஊழிதோறும் நிகழும் ஒடுக்கம். அது காலச் சக்கரத்தின் இயல்பு. மீண்டும் மீண்டும் வருவது. ஆதியாகம வெள்ளமோ ஒருமுறை நிகழ்ந்து, இனி நிகழாது என்னும் உறுதியோடு முடிவது. இருவேறு காலக் கோட்பாடுகளை ஒரே சொல் தாங்கி நிற்பதால், பிரளயம் மறுபடியும் வரும் என்னும் அச்சம் தமிழ்க் கிறித்தவர் செவியில் இயல்பாக ஒலித்திருத்தல் கூடும். 1995இல் வெளிவந்த திருவிவிலியம் 'வெள்ளப்பெருக்கு' என்னும் சொல்லை ஆண்டமை இவ்வகையில் ஒரு திருத்தமே.

பேழை என்னும் சொல்லும் அத்தகையதே. நோவாவின் கலத்தைக் குறிக்கும் எபிரேயச் சொல், விவிலியத்தில் வேறு ஓரிடத்தில் மட்டுமே வருகிறது. பார்வோனின் ஆணைக்கு அஞ்சி ஒரு தாய் தன் ஆண் மகவை நைல் ஆற்றில் விட்ட கூடையே அது. அக்குழவியே மோசே. பழைய தமிழ் மொழிபெயர்ப்பு முன்னதைப் பேழை என்றும் பின்னதை நாணற்பெட்டி என்றும் கூறியதால், இவ்விரண்டிற்கும் உள்ள உறவு தமிழில் மறைந்துபோயிற்று. இவ்விரண்டிலும் சுக்கான் இல்லை, பாயும் இல்லை. செலுத்தும் ஆற்றலற்று நீரின்மேல் மிதக்கும் உயிர்க்காப்பே பேழை. கொடுமையால் நிறைந்த உலகின் நீரிலும், கொடியவன் ஒருவன் ஆணையிட்ட நீரிலும் காக்கப்படுவது எளிய உயிரே என்பது அச்சொல்லுறவு தரும் செய்தி.

தமிழ் மரபில் வெள்ளம்

வெள்ளத்தைத் தெய்வத்தோடு இணைத்துக் காணும் மரபு தமிழர்க்குப் புதிதன்று. சீகாழி, ஊழி வெள்ளத்தில் இறைவன் தோணியில் வந்து தங்கிய இடம் என்னும் நம்பிக்கையால் தோணிபுரம் எனப் பெயர் பெற்றது. பாகவதம், மச்ச அவதாரக் கதையில் மீனைக் கையில் ஏந்திய சத்தியவிரதனைத் திராவிட நாட்டு அரசன் என்றும், மீன் கிடைத்த ஆற்றைக் கிருதமாலை என்றும் கூறும். அதனை வையையோடு ஒன்றெனக் கொள்வர்.

மணிமேகலை கூறும் புகாரின் அழிவு, தீர்ப்பு என்னும் கருத்திற்கு மிக அண்மையது. பீலிவளை பெற்ற தன் மகன் கடலில் காணாமற்போனமை கேட்ட சோழன் நெடுமுடிக்கிள்ளி, மகனைத் தேடித் திரிந்தான். அதனால் இந்திர விழா நின்றுபோயிற்று. சாபம் பலித்துக் கடல் பொங்கிப் புகாரை விழுங்கியது. இக்கதையில் இரண்டு செய்திகள் கருதத்தக்கன. ஒன்று, குற்றம் அரசன்மேல் வைக்கப்படுகிறதேயன்றிக் குடிகள்மேல் வைக்கப்படவில்லை. மற்றொன்று, அவ்வரசனின் குற்றமும் மகனை இழந்த தந்தையின் துயரமே. அழிவைக் கூறும் சாத்தனார் அழிந்தவரை இகழவில்லை. வள்ளுவரும் மழை பிழைத்தலை மக்களின் பாவத்தோடு இணைக்காமல், கொடுங்கோன்மை அதிகாரத்தில் முறைதவறிய மன்னனோடு இணைப்பார். இயற்கை பிறழ்ந்தால் முதலில் வினவப்பட வேண்டியவன் ஆள்பவன் என்பதே தமிழ் மரபின் அறநிலை.

தாம்பரத்திற்கு அருகிலுள்ள திருநீர்மலைக்கும் ஒரு நீர்க்கதை உண்டு. திருமங்கையாழ்வார் அங்கு வந்தபோது மலையை நீர் சூழ்ந்திருந்ததாகவும், நீர் வடியும்வரை ஆறு திங்கள் காத்திருந்து பின்னரே இறைவனைக் கண்டு பாடியதாகவும் அவ்வூர் மரபு கூறும். நீர் சூழ்ந்த மலையை ஆழ்வார் தீர்ப்பாகக் காணவில்லை; காத்திருந்தார். நீர்க்குரிய இடம் இது என்பதை ஊரின் பெயரே சொல்லிக்கொண்டிருக்கிறது. செம்பரம்பாக்கம் ஏரியின் உபரிநீர் அடையாற்றில் சேருவதும் இத்திருநீர்மலைப் பகுதியிலேயே.

பேழையின் கதவு

கிறித்தவப் போதனையில் பேழை விரைவிலேயே திருச்சபையின் உருவகமாயிற்று. பேதுருவின் முதல் திருமுகம், எண்மர் காக்கப்பட்ட அந்நீரைத் திருமுழுக்கின் முன்னடையாளமாகக் காட்டியது. மூன்றாம் நூற்றாண்டில் சிப்பிரியான், நோவாவின் பேழைக்கு வெளியே எவரேனும் தப்பினாரேல் திருச்சபைக்கு வெளியே இருப்பவரும் தப்புவர் என்னும் பொருள்பட எழுதினார். உள்ளே இருப்பார், வெளியே இருப்பார் என உலகை இரண்டாக வகுக்கும் போக்கிற்கு இவ்வுருவகம் வலிமை தந்தது.

ஆயின் இதே மரபில் வேறு குரலும் உண்டு. ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அகுசுத்தீன் எழுதிய 'கடவுளின் நகர்' என்னும் நூல், பேழையின் பக்கத்தில் அமைந்த கதவைச் சிலுவையில் கிறித்துவின் விலாவில் ஈட்டியால் உண்டான காயத்திற்கு ஒப்பிடுகிறது. பேழைக்குள் நுழைவோர் ஒரு காயத்தின் வழியே நுழைகின்றனர். புண்பட்ட ஒருவனின் வழியே காக்கப்பட்டவர், புண்பட்ட பிறரைப் பார்த்துத் தீர்ப்புக் கூறும் உரிமை உடையவர் ஆவரோ? பேதுருவின் அதே திருமுகம், நோவாவின் நாளில் கீழ்ப்படியாதிருந்து சிறையுற்ற ஆவிகளுக்குக் கிறித்து சென்று அறிவித்தார் என்றும் கூறுகிறது. உரையாசிரியர் பலவாறு பொருள் கொண்ட அவ்விடத்திற்கு, மூழ்கியவரும் மறக்கப்படவில்லை என்று பொருள் கண்டோர் பலர்.

இயேசுவின் போதனையிலும் இரு பக்கங்கள் உள. மத்தேயு நற்செய்தியின் 24ஆம் இயலில் நோவாவின் நாள்கள் எடுத்துக்காட்டாகின்றன. மக்கள் உண்டும் குடித்தும் பெண் கொண்டும் கொடுத்தும் வாழ்ந்திருந்தனர். வெள்ளம் வருமளவும் உணரவில்லை. இவ்விடத்தில் சுட்டப்படும் குறை விழிப்பின்மையே. லூக்கா நற்செய்தியின் 13ஆம் இயலிலோ, சீலோவாம் கோபுரம் இடிந்து பதினெண்மர் மாண்ட நிகழ்ச்சி பேசப்படுகிறது. மாண்டவர் மற்றவரினும் மிகுந்த குற்றவாளிகள் என்னும் எண்ணத்தை இயேசு வெளிப்படையாக மறுக்கிறார். கேட்டுக்கொண்டிருப்பவரே மனந்திரும்ப வேண்டும் என்கிறார். சுட்டுவிரல் இறந்தவரை விட்டுக் கேட்போர் பக்கம் திரும்புகிறது. நல்லார்மேலும் தீயார்மேலும் மழை பெய்கிறது என்னும் மலைப்பொழிவின் கருத்தும் இதனோடு ஒத்தது.

வரலாறும் இதற்குச் சான்று பகர்கிறது. 1755இல் லிசுபன் நகரை நிலநடுக்கம் தாக்கியது புனிதர் அனைவர் திருநாளில். வழிபட்டுக்கொண்டிருந்தோர்மேல் கோவில்கள் இடிந்து விழுந்தன. 2004 திசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை வேளாங்கண்ணிக் கரையில் வாரிச் சென்றோருள் கிறித்து பிறப்புத் திருநாளுக்கு வந்த திருப்பயணியர் மிகப் பலர். அவர்களைப் பாவிகள் என்று எந்த நாக்குச் சொல்லும்?

நெல்லையில் எழுந்த வாதம்

இவ்வினா கிறித்தவர்க்கு மட்டும் உரியதன்று. 1934 சனவரி 15ஆம் நாள் பீகாரில் பெரும் நிலநடுக்கம் ஏற்பட்டது. தீண்டாமை ஒழிப்புப் பயணமாகத் தமிழகத்தில் இருந்த காந்தியடிகள், அதே திங்களில் திருநெல்வேலியில் பேசுகையில், அதனைத் தீண்டாமை என்னும் பாவத்திற்கு இறைவன் அனுப்பிய தண்டனையாகக் கருதுவதாகக் கூறினார். தாகூர் அதனை மறுத்தார். இயற்கை நிகழ்ச்சிக்கு இயற்கையில்தான் காரணம் உண்டு. இவ்வாதத்தை ஏற்றால், தீண்டாமையைக் காப்போர் அதே நிலநடுக்கத்தைக் காந்தியடிகளின் சீர்திருத்தத்திற்கே தண்டனை என்பரே என்பது அவர் வாதத்தின் சாரம். அம்மறுப்பை அடிகள் தம் 'அரிசன்' இதழிலேயே வெளியிட்டது அவர் பெருமை.

இருவர் கூற்றிலும் உண்மை உண்டு. தீண்டாமை பாவம் என்பதில் ஐயமில்லை. ஆயின் அப்பாவத்திற்காகப் பீகாரில் வீடு இடிந்து மாண்டவருள் தீண்டாமைக்கு ஆளானவரும் இருந்திருப்பர் அல்லரோ? இழைத்தவனையும் இழைக்கப்பட்டவனையும் ஒருங்கே கொல்லும் தண்டனையை அறம் என எவ்வாறு கூறுவது? தெய்வத் தீர்ப்பு என்னும் கருத்து இடறும் இடம் இதுவே.

தாம்பரம் 1938

இச்சிக்கலை ஆராய்ந்தோருக்குத் தாம்பரம் அறிமுகமான பெயர். சென்னைக் கிறித்தவக் கல்லூரி 1937இல் நகரிலிருந்து தாம்பரத்துக் காட்டுநிலத்திற்கு இடம்பெயர்ந்தது. மறு ஆண்டே, 1938 திசம்பரில், அனைத்துலக மறைப்பணி மன்றத்தின் மாநாடு அவ்வளாகத்தில் கூடியது. அம்மாநாட்டிற்கென எண்டிரிக்கு கிரேமர் என்னும் ஒல்லாந்து அறிஞர் எழுதிய நூல், இறை வெளிப்பாட்டின் முன் எல்லாச் சமயங்களும் தீர்ப்பிற்கு உட்பட்டவை என்றது. வரலாற்றில் அமைந்த கிறித்தவ சமயமும் அத்தீர்ப்பிற்கு விலக்கன்று என்பதையும் அது வலியுறுத்தியது. சென்னையைச் சார்ந்த செஞ்சையா, சக்கரை முதலிய இந்தியக் கிறித்தவச் சிந்தனையாளர், 'இந்தியாவில் கிறித்தவத்தை மறுசிந்தனை செய்தல்' என்னும் பொருளுடைய நூலை அதே ஆண்டில் வெளியிட்டுக் கிரேமரோடு மாறுபட்டனர். பிற சமயத்தாரைப் பேழைக்கு வெளியே மூழ்குவோராகக் காண அவர்கள் உடன்படவில்லை.

அவ்வாதத்தின் முடிவு எதுவாயினும், ஓர் உண்மை நின்றது: தீர்ப்பு என்பது பிறர்மேல் எறியும் கல் அன்று, அது தன் வீட்டில் தொடங்குவது. பேதுருவின் திருமுகமும் தீர்ப்பு இறைவனின் வீட்டிலிருந்து தொடங்கும் என்றே கூறுகிறது.

ஏரி கேட்கும் நீதி

இனி, 2015ஆம் ஆண்டு வெள்ளத்திற்கு மீளலாம். அதற்கு இயற்கைக் காரணம் உண்டு; மனிதக் காரணமும் உண்டு. முடிச்சூரையும் வரதராசபுரத்தையும் மூழ்கடித்த நீர், மணிமங்கலம், படப்பை, ஆதனூர் முதலிய ஏரிகளிலிருந்து வழிந்து அடையாற்றின் தலைப்பகுதியில் சேர்ந்த நீர். செம்பரம்பாக்கத்திலிருந்து நொடிக்கு 29,000 கன அடி அளவில் திறக்கப்பட்ட நீர் திருநீர்மலைக்குக் கீழேதான் அதனோடு கூடியது. தாம்பரத்தின் கிழக்கே சேலையூர், செம்பாக்கம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் ஏரிகள் ஒன்றன் உபரியை மற்றொன்று ஏற்றுப் பள்ளிக்கரணைச் சதுப்பில் சேர்ப்பன. முன்னோர் வெட்டிய இச்சங்கிலியின் கண்ணிகள் பல மனைகளாகின, கால்வாய்கள் தெருக்களாகின. பள்ளிக்கரணை குப்பைமேடும் கட்டடங்களும் நெருக்கச் சுருங்கியது. எஞ்சிய பகுதி 2022இல்தான் இராம்சர் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. 2018 சூலையில் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட இந்தியத் தலைமைத் தணிக்கையர் அறிக்கை, 2015ஆம் ஆண்டு வெள்ளத்தை மனிதரால் விளைந்த பேரிடர் என வகைப்படுத்தியது. 2023 திசம்பரில் மிக்சாம் புயல் வந்தபோது, பள்ளிக்கரணையும் முடிச்சூரும் மீண்டும் நீரில் நின்றன.

ஏசாயா தீர்க்கதரிசி தம் நூலின் ஐந்தாம் இயலில், வீட்டோடு வீட்டைச் சேர்த்து, வயலோடு வயலை இணைத்து, பிறர்க்கு இடமின்றித் தாமே நிலத்தில் குடியிருப்பவர்க்குக் கேடு வரும் என எச்சரிக்கிறார். ஆதியாகமம் கூறிய கொடுமையின் நிலவடிவம் இதுவே. ஏரியை மனையாக்கி விற்றவன், அதற்கு ஒப்பமிட்டவன், கண்டும் வாளாவிருந்தவன் ஆகியோரின் செயலே அக்கொடுமை. இப்பொருளில் மட்டும் வெள்ளத்தைத் தீர்ப்பு எனலாம். வானிலிருந்து இறங்கும் தண்டனையாக அன்று. நிலத்தில் விதைத்தது நிலத்தில் விளைந்து நிற்கும் வெளிப்பாடாக. ஆனால் அங்கும் ஒரு வேறுபாட்டை மறத்தலாகாது. ஏரியை விற்றவன் மேட்டில் வாழ்கிறான். தன் வாழ்நாட் சேமிப்பைக் கொடுத்து மனை வாங்கியவனும், கீழ்த்தளத்தில் வாடகைக்கு இருந்தவளும், அடையாற்றங்கரைக் குடிசையில் வாழ்ந்தவரும் மூழ்கினர். குற்றத்தை வெளிப்படுத்திய வெள்ளம், குற்றவாளியை ஒறுக்கவில்லை. ஆகவே 'நாங்கள் என்ன பாவம் செய்தோம்?' என்னும் வினாவிற்கு அறம் தரும் விடை: 'வேறொருவர் செய்த கொடுமையை நீங்கள் சுமந்தீர்கள்.' இவ்விடையைச் சொல்வதோடு சமயத்தின் கடமை முடிவதில்லை. சுமத்தியவர் யார் என்று ஆள்வோரை வினவுவதும் அதன் கடமையே. வள்ளுவரும் சாத்தனாரும் காட்டிய வழியும் அதுவே.

பரிந்து பேசும் அறம்

யூத மரபின் உரையாசிரியர் சிலர் நோவாவிடம் ஒரு குறை கண்டனர். சோதோம் நகர் அழியவிருப்பதைக் கேட்ட ஆபிரகாம், ஐம்பது நீதிமான்களில் தொடங்கிப் பத்துப் பேர்வரை குறைத்துக் குறைத்து இறைவனிடம் வழக்காடினார். உலகமே அழியவிருப்பதைக் கேட்ட நோவாவோ பேழை செய்தார். பிறர்க்காக ஒரு சொல்லும் பேசியதாக அந்நூலில் இல்லை. நோவா நீதிமான், ஆயின் பரிந்து பேசாத நீதிமான். ஆபிரகாமின் வழித்தோன்றலாகத் தம்மைக் கருதுவோர்க்கு, தீர்ப்பை முழக்குவதினும் பாதிக்கப்பட்டவர்க்காக வழக்காடுவதே உரிய பணி.

நோவாவின் பேழைக் கதவை இறைவனே அடைத்தான் என்பது கதை. 2015 திசம்பரில் தென்சென்னைப் புறநகரில் கதவுகள் திறந்தன. கோவில்களும் பள்ளிவாசல்களும் தேவாலயங்களும் பள்ளிக்கூடங்களும் சமயம் வினவாது மக்களை ஏற்றுக்கொண்டன. மீனவர் தம் படகுகளை வண்டிகளில் ஏற்றிக் கொணர்ந்து, தெருக்களில் செலுத்தி, மாடிகளில் நின்றோரை மீட்டனர். அப்படகுகளில் ஏறியோரை எவரும் நீதிமானா என்று கேட்கவில்லை. பேழை என்னும் உருவகத்திற்கு இற்றைத் தமிழில் ஓர் உரை வேண்டுமாயின், அப்படகுகளே அவ்வுரை.

ஆயினும் வெள்ளம் வந்தபின் படகு கொணர்வதோடு அறம் நின்றுவிடலாகாது. பேழை, மழைக்கு முன்பே கட்டப்பட்டது. இந்நாளில் அதற்கு ஈடாவது, ஏரியின் எல்லைக்கல்லைக் காப்பதும், அடைபட்ட கால்வாயைத் திறப்பதும், சதுப்பு நிலத்தில் மனை விற்க வருபவனைத் தடுத்து நிற்பதும் ஆகும். திருச்சபையும் திருக்கோவிலும் பள்ளிவாசலும் இலக்கிய மன்றங்களும் ஒன்றுகூடிச் செய்யத்தக்க பணி இது. மழை ஓய்ந்த மாலையில் திருநீர்மலைமேல் வானவில் தோன்றுமாயின், அதனைக் காண்போர் மனத்தில் அச்சம் எழவேண்டுவதில்லை. வில்லை மாட்டிவைத்தவன் அழிக்க எண்ணாதபோது, அழிவைக் கட்டிக்கொள்ளும் உரிமை மனிதர்க்கு உண்டா என்னும் வினாவே எழவேண்டும். அவ்வினாவை அவையோர் முன் வைத்து, இப்பொழிவு நிறைவுறுகிறது.